ஒரு நிலையம், இரு வழிகள்: பல்வழி இணைய இணைப்புக்கு வேண்டுவன

மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் இடைவெளிகள் அனைத்திலும் பெரியது பாலக்காட்டுக் கணவாய். அகலத்தில் 30 முதல் 40 கிலோமீட்டர் வரையிலும், உயரத்தில் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 140 மீட்டர் அளவிலும் அமைந்துள்ள இவ்விடைவெளியின் வழியாகவே சோழ நாட்டுக் குடும்பங்கள் மேற்கே வந்து, கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் குடியேறின என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் செய்தி. 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப் பாதையும் இவ்வழியே வந்தது. பின்னர் வாளையாறு வழியாக நெடுஞ்சாலை அமைந்தது. இன்று அதே இருப்புப் பாதையின் ஓரத்திலும் அதே நெடுஞ்சாலையின் ஓரத்திலும் கண்ணாடி இழை வடங்கள் புதைக்கப்பட்டுள்ளன. காற்றும், சரக்கும், மாந்தரும் சென்ற வழியிலேயே ஒளியும் செல்கிறது.

வழி ஒன்றாக இருப்பதில் வசதியும் உண்டு, அபாயமும் உண்டு. ஒரு கல்லூரியோ, மருத்துவமனையோ, மாவட்ட அலுவலகமோ தன் இணையத் தொடர்பு ஒருபோதும் அறுபடாதிருக்க வேண்டுமென விரும்பி, ஒரு நிறுவனத்திடம் பெற்ற இணைப்போடு மற்றொரு நிறுவனத்திடமும் இணைப்புப் பெறுகிறது. மாதந்தோறும் இரு கட்டணச் சீட்டுகள் வருகின்றன. ஆனால் இரு கட்டணச் சீட்டுகள் இருப்பதனால் மட்டும் இரு வழிகள் உண்டாகிவிட்டன என்று கொள்ளுதல் கூடாது. இரண்டாவது இணைப்பு உண்மையில் பயன்பட வேண்டுமாயின் என்னென்ன தேவை என்பதைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்துகொள்ளுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறை ஆங்கிலத்தில் 'மல்ட்டிஹோமிங்' எனப்படுகிறது. சொல்லைச் சொல்லாகவே பெயர்ப்போமாயின் 'பல்மனை வாழ்க்கை' என்று வந்துவிடும். அது வேறு பொருளைத் தரும். ஆகவே 'பல்வழி இணைப்பு' என்றே இங்கு வழங்குவோம்.

முதலில் முகவரியைப் பற்றிக் கூற வேண்டும். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு என்பதை யாவரும் அறிவர். ஒரு சாதாரண அலுவலகம் இணைப்புப் பெறும்பொழுது, சேவை நிறுவனம் தனக்குரிய முகவரித் தொகுதியிலிருந்து சில எண்களை அதற்கு அளிக்கிறது. அவ்வெண்கள் அலுவலகத்தின் உடைமை அல்ல. வாடகை வீட்டின் கதவிலக்கத்தைப் போன்றவை. வீட்டை விட்டு வெளியேறினால் கதவிலக்கத்தைக் கையோடு கொண்டு செல்ல இயலாது. உலகத்தின் பார்வையில் அந்த எண்கள் முதல் நிறுவனத்தின் தெருவிலேயே உள்ளன. அத்தெரு அடைபட்ட நாளில், அலுவலகம் இரண்டாவது நிறுவனத்தின் வழியாகக் கடிதத்தை வெளியே அனுப்பினாலும், உறையின் மீதுள்ள திரும்பும் முகவரி பழைய தெருவினதாகவே இருக்கும். பதில் அடைபட்ட தெருவிற்குச் சென்று அங்கேயே மடியும். இன்னும் ஒன்று: நேர்மையான சேவை நிறுவனம் எதுவும், தான் அளிக்காத திரும்பும் முகவரியைத் தாங்கிய கடிதத்தை ஏற்பதில்லை. பொய் முகவரியிட்டு நடத்தப்படும் தாக்குதல்களைத் தடுப்பதற்கென 2000-ஆம் ஆண்டிலிருந்தே இவ்வழக்கம் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. ஆகவே பெரும்பாலும் அக்கடிதம் வாயிலிலேயே தடுக்கப்படும்.

இதிலிருந்து முதல் தேவை விளங்கும். நிலையத்திற்குச் சொந்தமான, எந்தச் சேவை நிறுவனத்தையும் சாராத முகவரித் தொகுதி வேண்டும். உலக அளவில் இத்தொகுதிகளைப் பகிர்ந்தளிக்கும் பணியில் நம் பகுதிக்குரியது ஏப்நிக் எனப்படும் ஆசிய பசிபிக் அமைப்பாகும். இந்தியாவிற்குள் அப்பணியை 2012-ஆம் ஆண்டு முதல் ஐரின் என்னும் தேசியப் பதிவகம் ஆற்றி வருகிறது. இது 2003-இல் தோற்றுவிக்கப்பட்ட நிக்ஸி என்னும் ஸ்தாபனத்தின் ஒரு பிரிவு. விண்ணப்பிக்கும் நிலையம் எந்த இரு நிறுவனங்களோடு இணையப் போகிறது, தன் வலையமைப்பு எவ்வாறு அமைந்துள்ளது, கேட்கும் முகவரிகளில் எத்தனை உடனே பயன்படும், எத்தனை ஓராண்டிற்குள் பயன்படும் என்பனவற்றைக் காட்டுதல் வேண்டும். வரைபடத்தைக் கவனமாகத் தயாரித்தல் நன்று. விண்ணப்பம் திரும்பி வருவதற்குத் தெளிவற்ற வரைபடமே போதிய காரணமாகும்.

எத்தனை முகவரிகள் கிடைக்கும்? இங்குதான் நெருக்கடி. பழைய முறையாகிய நான்காம் பதிப்பு முகவரிகளின் மொத்த எண்ணிக்கை சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் ஏப்நிக் தன் இறுதித் தொகுதியைத் தொட்டது. அதன்பின் வரையறை கடுமையாயிற்று. 2019-ஆம் ஆண்டிலிருந்து புதிய உறுப்பினர் ஒருவர் பெறக்கூடிய உச்ச அளவு 512 முகவரிகளே. மறுபுறம், 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதியைப் பற்றிய அறிவிப்பை உலகத்தின் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்பதில்லை. எனவே பத்து முகவரிகளே போதுமென்றிருக்கும் சிறு நிலையமும் பல்வழி இணைப்புக்காக 256 முகவரிகளைப் பெற்றாக வேண்டும். புதிய முறையாகிய ஆறாம் பதிப்பில் இத்தகைய பஞ்சம் இல்லை. இன்று தொடங்கும் நிலையம் இரண்டு வகைத் தொகுதிகளையும் ஒருங்கே கேட்டுப் பெறுதல் விவேகம்.

இரண்டாவது தேவை, ஏ.எஸ். எண். இணையம் என்பது ஒரே வலை அன்று. தத்தமக்கென நிர்வாகமும் கொள்கையும் உடைய பல்லாயிரம் வலைகளின் கூட்டு. அத்தகைய தன்னாட்சி வலை ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் எண் 9829. 1986-ஆம் ஆண்டில் மத்திய மின்னணுத் துறையால், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கப்பட்ட எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையின் எண் 2697. முன்னர் இவ்வெண்கள் 65,536-க்குள் அடங்க வேண்டியிருந்தன. 2007-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறையால் அவ்வரம்பு நீங்கிற்று. ஒரே நிறுவனத்தோடு இணைந்துள்ள நிலையத்திற்குத் தனி எண் தேவையில்லை. அதன் வழியைப் பற்றி உலகம் அறிய வேண்டியதனைத்தையும் அந்நிறுவனமே கூறிவிடும். இரண்டு நிறுவனங்களோடு இணைந்தவுடன், "என்னை அடைய இவர் வழியாகவும் வரலாம், அவர் வழியாகவும் வரலாம்" என்று கூற ஒரு தனிப் பெயர் அவசியமாகிறது. இவ்வெண்ணையும் ஐரின் பதிவகமே அளிக்கிறது.

எண்ணும் முகவரியும் இருந்தால் போதுமா? அவற்றை உலகிற்கு அறிவிக்கும் மொழி வேண்டுமல்லவா? அம்மொழியே பி.ஜி.பி. எனப்படும் எல்லை வழி நெறி. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த பொறியாளர் கூட்டமொன்றில், உணவு வேளையில், கை துடைக்கும் காகிதத்தின் மீது இதன் முதல் வரைவு எழுதப்பட்டது என்பது பதிவாகியுள்ள வரலாறு. அக்காகிதத்தில் பிறந்த முறையின் நான்காம் பதிப்பே, 2006-இல் திருத்தி வெளியிடப்பட்ட வடிவில், இன்றளவும் உலக இணையம் முழுவதையும் இணைத்து நிற்கிறது.

இதன் இயக்கத்தை வகுப்பறையில் எளிதாகச் செய்து காட்டலாம். ஐந்து மாணவர்களை நிறுத்தி 1 முதல் 5 வரை எண்ணிட்ட அட்டைகளைக் கொடுங்கள். ஒன்றாம் மாணவன் நம் நிலையம். இரண்டாம், மூன்றாம் மாணவர்கள் இரு சேவை நிறுவனங்கள். இவ்விருவரும் நான்காமவனுக்கு அண்டையர். ஐந்தாமவன் நான்காமவனுக்கு மட்டுமே அண்டை. ஒவ்வொருவரும் அண்டையரோடு மட்டுமே பேசலாம் என்பது விதி. ஒன்றாமவன் தன் அண்டையரிடம் 'ஒன்று' என்று சொல்லட்டும். இரண்டாமவன் தன் எண்ணை முன்னே சேர்த்து, நான்காமவனிடம் 'இரண்டு, ஒன்று' என்பான். மூன்றாமவன் 'மூன்று, ஒன்று' என்பான். இரண்டும் சம நீளமாகையால் நான்காமவன் ஒன்றைத் தேர்ந்து, ஐந்தாமவனிடம் 'நான்கு, இரண்டு, ஒன்று' என்று அறிவிப்பான். இப்பொழுது இரண்டாம் மாணவனை உட்காரச் சொல்லுங்கள். நான்காமவன் சற்றே தயங்கி, 'நான்கு, மூன்று, ஒன்று' என்று செய்தியை மாற்றுவான். ஐந்தாமவனுக்கு இடையில் நேர்ந்த விபத்து என்னவென்றே தெரியாது. அவனுக்கு வழி தெரிகிறது, அவ்வளவே. தன் எண் ஏற்கனவே இடம்பெற்ற பட்டியலைக் கேட்கும் எவனும் அதனை ஒதுக்கிவிட வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால், செய்தி வட்டமிட்டுச் சுற்றாமல் தடுக்கப்படும் விதமும் விளங்கிவிடும்.

மாணவன் 'சற்றே தயங்கினான்' அல்லவா? அந்தத் தயக்கத்திற்கும் ஓர் அளவு உண்டு. அண்டையர் இருவர் குறித்த காலத்திற்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் கூறிக்கொள்வர். 90 விநாடி வரை அக்குரல் கேளாவிடில் மற்றவர் மறைந்ததாகக் கொள்ளுதல் நெறியில் பரிந்துரைக்கப்பட்ட கால அளவு. கருவிக்குக் கருவி இது வேறுபடும். மருத்துவரும் நோயாளியும் காட்சி வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்பொழுது ஒன்றரை நிமிடம் என்பது நெடுங்காலம். இதனைக் குறைக்க பி.எஃப்.டி. என்னும் துணை முறை உண்டு. ஒரு விநாடிக்குள்ளாகவே அது பழுதைக் கண்டுவிடும். ஒப்பந்தம் செய்யும்பொழுதே சேவை நிறுவனம் இதனை அனுமதிக்குமா எனக் கேட்டு எழுதி வாங்குதல் நலம். சிறு நிலையங்களுக்கு விற்கப்படும் மலிவான இணைப்புகளில் பி.ஜி.பி.யே கிடைப்பதில்லை என்பதையும் இங்கேயே கூறிவிட வேண்டும். நிலையான 'லீஸ்டு லைன்' வகை இணைப்புகளிலேயே அது பொதுவாகக் கிடைக்கும்.

அடுத்தது ரவுட்டர் என்னும் வழிகாட்டிக் கருவி. உலகத்தின் நான்காம் பதிப்பு வழிப்பட்டியலில் இன்று சுமார் பத்து லட்சம் பதிவுகள் உள்ளன. 2014 ஆகஸ்டு 12-ஆம் நாள் அப்பட்டியல் 5,12,000 என்னும் எல்லையைத் தாண்டியபொழுது, அதற்கு மேல் நினைவில் கொள்ள இயலாத பழைய கருவிகள் பல இடங்களில் தடுமாறின. அதனைக் கேட்டு அஞ்சி, ஒரு சிறு கல்லூரி பெருஞ்செலவில் பெருங்கருவி வாங்க வேண்டுவதில்லை. முழுப் பட்டியலையும் கேட்காமல், "அறியாத இடங்களுக்கெல்லாம் என் வழியே செல்க" என்னும் ஒற்றைப் பதிவை மட்டும் இரு நிறுவனங்களிடமிருந்தும் பெற்றுக்கொண்டால் எளிய கருவியே போதும். வெளிச்செல்லும் போக்கை நுட்பமாகப் பிரித்தனுப்பும் வசதி மட்டுமே குறையும். பெரும்பாலான நிலையங்களுக்கு அவ்வசதியால் பிரயோஜனம் மிகக் குறைவு என்பது என் கருத்து.

வெளிச்செல்லும் போக்கு நம் கையில் உள்ளது. உள்வரும் போக்கு அவ்வாறன்று. யார் எவ்வழியே நம்மிடம் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் தொலைவில் உள்ள பிறர். நம் எண்ணை இருமுறை மும்முறை எழுதி ஒரு வழியை நீளமானது போல் காட்டலாம். அது வேண்டுகோளேயன்றி ஆணை அன்று. இரு இணைப்புகளும் ஏறத்தாழச் சமமாகப் பயன்பட வேண்டுமென்று சிலர் மிகப் பாடுபடுகின்றனர். ஒரு வழி அறுந்தால் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இரண்டும் முக்கால் பங்கு நிரம்பி ஓடுமாயின், ஒன்று அறுந்த அன்று மற்றொன்றும் திணறிப்போகும்.

இனி, பொறுப்பைப் பற்றி. பி.ஜி.பி. பேசத் தொடங்கிய நிலையம், அளவில் எத்துணைச் சிறியதாயினும், உலக வலையின் ஓர் உறுப்பினராகிவிடுகிறது. அதன் பிழை அதனோடு நில்லாது. 2008 பிப்ரவரி 24-ஆம் நாள் பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு நிறுவனம், தன் நாட்டிற்குள் யூடியூப் தளத்தைத் தடுக்கும் பொருட்டு, அத்தளத்தின் 1,024 முகவரிகளில் 256 தன்னிடம் இருப்பதாக உள்ளே ஓர் அறிவிப்பை அமைத்தது. அவ்வறிவிப்பு வெளியே கசிந்தது. மேலே இருந்த சேவை நிறுவனம் அதனைச் சோதியாமல் உலகிற்குப் பரப்பிற்று. பெரிய தொகுதியைவிடச் சிறிய தொகுதியைக் குறிப்பிடும் அறிவிப்புக்கே முதன்மை என்பது விதியாகையால், உலகெங்குமிருந்து யூடியூபை நாடிய போக்கு பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அத்தளம் உலகின் பல பகுதிகளில் கிட்டவில்லை.

பல்வழி நிலையத்திற்கு இதனினும் எளிதில் நேரக்கூடிய பிழை ஒன்றுண்டு. முதல் நிறுவனத்திடம் கேட்டறிந்த வழிகளை இரண்டாம் நிறுவனத்திடம் அப்படியே கூறிவிடுதல் அது. வாடிக்கையாளர் வழியாகச் செல்லும் போக்கினால் வருவாய் உண்டு என்பதால், சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் கூறும் வழியையே பெரும்பாலும் விரும்பி ஏற்கின்றன. விளைவு யாதெனில், இரு பெரு நிறுவனங்களுக்கிடையே ஓட வேண்டிய வெள்ளம் ஒரு கல்லூரியின் சிறு ரவுட்டர் வழியே பாயத் தொடங்கும். கண நேரத்தில் கல்லூரியும் மூழ்கும், அவ்வழியே சென்ற பிறரும் தவிப்பர். ஆகவே "என் சொந்த முகவரிகளைத் தவிர வேறெதனையும் வெளியே அறிவியாதே" என்னும் வடிகட்டியை, இணைப்பை உயிர்ப்பிப்பதற்கு முன்னரே அமைத்துவிட வேண்டும். இம்முகவரித் தொகுதியை இன்ன எண்ணுடைய வலையே அறிவிக்கலாம் என்று கையொப்பமிட்டு வெளியிடும் ஆர்.பி.கே.ஐ. பதிவையும் செய்துவிடல் வேண்டும். அப்பதிவு இல்லாத தொகுதியைப் பிறர் தமதெனக் கூறினால், அது பொய்யெனக் காட்டும் சான்று உலக ரவுட்டர்களிடம் இராது.

இதுவரை கூறியவை யாவும் காகிதத்திலும் கருவியிலும் அடங்குவன. கள ஊழியர்களுக்குரிய பகுதி இனிமேல்தான் வருகிறது. நம் பிரதேசத்தில் பெரும்பாலும் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் இணைப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் இயங்குகிறது என்று கொள்வோம். ஓராண்டில் அது சுமார் 88 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கு மேல், இயங்காதிருக்கும். ஒன்றையொன்று சாராத அத்தகைய இரு இணைப்புகள் இருப்பின், இரண்டும் ஒருசேர அறுந்திருக்கும் நேரம் நூறில் ஒன்றின் நூறில் ஒன்று; ஓராண்டில் 53 நிமிடங்கள் மட்டுமே. இது வியக்கத்தக்க இலாபம். ஆனால் 'ஒன்றையொன்று சாராத' என்ற சொல்லின் மீதே இக்கணக்கு முழுவதும் நிற்கிறது. இரு வடங்களும் ஏதோ ஓரிடத்தில் ஒரே பாலத்தைக் கடக்கின்றன என்றும், அவ்விடம் ஆண்டில் இருநூறில் ஒரு பங்கு நேரம் பழுதாகிறது என்றும் வைத்துக்கொண்டால், 53 நிமிடம் 44 மணி நேரமாக வளர்ந்துவிடும். இரண்டாவது இணைப்புக்குச் செலுத்திய பணத்தில் பெரும்பகுதி அப்பாலத்தினடியில் போயிற்று என்றே கொள்ள வேண்டும்.

உலக அளவில் இவ்வுண்மை 2008-ஆம் ஆண்டில் இருமுறை வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 30-ஆம் நாள் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவிற்கு அருகில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்னும் இரு கடலடி வடங்கள் அறுந்தன. இரண்டும் வெவ்வேறு உடைமையாளருக்குரியவை. எனினும் ஒரே கடற்பகுதியில் கிடந்தமையால் ஒரே நாளில் போயின. இந்தியாவின் இணையத் திறனில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிட்டதாக அந்நாளில் கணக்கிடப்பட்டது. மேற்கு நோக்கிய இரு வடங்களை நம்பியிருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர். சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் வழியாகச் செல்லும் வடங்களிலும் பங்கு வைத்திருந்தவர்கள், பசிபிக் பெருங்கடலைச் சுற்றியாயினும் உலகை எட்டினர். அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் மத்தியதரைக் கடலில் மீண்டும் பல வடங்கள் ஒருங்கே அறுந்தன.

நம் கணவாய்க்கும் இது பொருந்தும். கோயம்புத்தூர் பக்கமிருந்து இரு நிறுவனங்களின் வடங்கள் வருகின்றன என்றால், இரண்டும் வாளையாற்றில் ஒரே சாலையின் ஒரே ஓரத்தில் புதைக்கப்பட்டிருக்கக் கூடும். சாலையை அகலப்படுத்த வரும் மண் வெட்டும் யந்திரம் எந்த வடம் எவருடையது என்று பார்ப்பதில்லை. அன்றியும், ஒரு நிறுவனம் மற்றொன்றிடம் குத்தகைக்கு எடுத்த இழையையே தன் பெயரில் விற்பதும் வழக்கம். அவ்வாறாயின் இரு நிறுவனம், ஒரே வடம்! எனவே வடத்தின் பாதை வரைபடத்தை ஒப்பந்தத்திற்கு முன்னரே கேட்டு வாங்கி, அதனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். நடக்க வேண்டும் என்பதை எழுத்துப்படியே கூறுகிறேன். ஆள்குழி எங்குள்ளது, எந்தப் பாலத்தின் பக்கவாட்டில் குழாய் தொங்குகிறது, எந்தக் கம்பத்திலிருந்து கட்டடத்திற்குள் நுழைகிறது என்பன வரைபடத்தைவிடக் காலுக்கே நன்கு தெரியும்.

நற்பேறாக, கேரளத்தில் தன்மையால் வேறுபட்ட பாதைகள் கிடைக்கின்றன. பி.எஸ்.என்.எல். வடங்கள் பெரும்பாலும் சாலையோரம் செல்பவை. 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ரெயில்டெல் நிறுவனத்தின் வடங்கள் இருப்புப் பாதையைத் தொடர்பவை. பவர்கிரிட் நிறுவனத்தின் இழைகள் உயர் அழுத்த மின்கோபுரங்களின் உச்சியில் செல்பவை. மண் வெட்டும் யந்திரம் அவற்றை எட்டாது. 2023 ஜூன் மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் என்னும் மாநில வலை மின்வாரியத்தின் கோபுரங்களையும் கம்பங்களையும் பயன்படுத்துகிறது. புதைத்த வழி ஒன்றும் உயரத்து வழி ஒன்றுமாகத் தேர்ந்தால், ஒரே விபத்து இரண்டையும் தாக்கும் வாய்ப்புக் குறையும். இன்னும் ஒருபடி மேலே சென்று, ஓர் இணைப்பு கிழக்கே சென்னை நோக்கியும் மற்றொன்று மேற்கே கொச்சி நோக்கியும் செல்லுமாறு கேட்டுப் பெறலாம்.

இடுக்கிப் பக்கத்தில் நிலைமை கடினமானது. தேசிய ஒளியிழை வலைத் திட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதன்முதலாக முழுமையாக இணைக்கப்பட்ட மாவட்டம் இடுக்கி, ஆண்டு 2015. அப்பெருமை உண்மையே. ஆயினும் மலைச் சரிவில் வெட்டிய ஒற்றைச் சாலையின் ஓரத்தில் புதைந்த வடம், அச்சாலை சரியும்பொழுது தானும் சரியும். 2018 ஆகஸ்டுப் பெருமழையில் அம்மாவட்டத்தின் சாலைகள் எண்ணற்ற இடங்களில் அறுபட்டதை யாவரும் கண்டோம். மலைப்பகுதிகளில் இரண்டாவது வழி மற்றொரு வடமாக இருப்பதினும், எதிர்மலையில் உள்ள கோபுரத்தோடு பேசும் நுண்ணலை இணைப்பாகவோ, செயற்கைக்கோள் இணைப்பாகவோ இருத்தலே தக்கது. வேகம் குறைவாயினும் அது வேறு வகை. லட்சத்தீவுகள் 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி வடத்தைப் பெறும் வரை செயற்கைக்கோளை நம்பியே காலங்கழித்தன என்பதை நினைக்க, அவ்வழியை இழிவாகக் கருதுதல் தகாது.

மின்சாரத்தைக் கூறாமல் இப்பகுதியை விட இயலாது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுள் புதைந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. அத்தகைய இடத்தில் இரு சேவை நிறுவனங்கள் இருந்திருப்பினும், இரண்டும் ஒரே மின்கம்பியை நம்பி நின்றிருந்தால் ஒன்றுமில்லாததற்குச் சமமே. இரு இணைப்புகளின் முனைக் கருவிகளும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகப்பட்டிருப்பதை அலுவலகங்களில் அன்றாடம் காண்கிறோம். அவற்றைப் பிரித்து, முடிந்தால் ஒன்றைச் சூரிய மின்கலத்தோடு இணைத்து வைப்பது ஒரு நாள் வேலை. அதற்கு ஐரின் பதிவகத்தின் அனுமதி வேண்டுவதில்லை.

இவ்வளவும் படித்த பின், தலைமையாசிரியர் ஒருவர் "எங்கள் பள்ளிக்கு இத்தனையும் வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே நேரான விடை. வெளியுலகிலிருந்து யாரும் நாடி வர வேண்டிய சேவை எதனையும் பள்ளி நடத்துவதில்லை. அங்கிருந்து வெளியே செல்வோரே உண்டு. அத்தகைய இடத்திற்குச் சொந்த முகவரியும் ஏ.எஸ். எண்ணும் அநாவசியச் செலவு. உள்ளே தனி முகவரிகளை வைத்துக்கொண்டு, வெளியேறும்பொழுது எந்த இணைப்பு உயிரோடிருக்கிறதோ அதன் முகவரியை அணிந்துகொள்ளும் எளிய ரவுட்டர் ஒன்று போதும். மாறும் கணத்தில் நடந்துகொண்டிருந்த உரையாடல் அறுந்து மீண்டும் தொடங்க நேரும், அவ்வளவே இழப்பு. இரண்டாவது இணைப்பாகக் கைப்பேசி வலையைப் பயன்படுத்தும் சிறு கருவியும் ஏற்றதே. தேர்வு முடிவுகளையோ, நோயாளியின் பதிவேடுகளையோ, அணையின் நீர்மட்டத்தையோ தன் கட்டடத்திலுள்ள கணினியிலிருந்து உலகிற்கு வழங்கும் நிலையத்திற்கே முழு ஏற்பாடும் தேவைப்படுகிறது. தேசிய அறிவு வலை போன்ற ஒன்றில் ஏற்கனவே இணைந்துள்ள உயர்கல்வி நிலையம், மற்றொரு வணிக நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் அதுவும் இவ்வகையைச் சேரும்.

பெயர்ச் சேவையகத்தை, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் கணினியை, மறந்துவிடுவோர் பலர். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் முகநூல் நிறுவனத்தின் சேவைகள் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. பராமரிப்பின்போது நேர்ந்த பிழையினால், பெயர்ச் சேவையகங்களுக்குரிய பி.ஜி.பி. அறிவிப்புகளே திரும்பப் பெறப்பட்டமை அதற்குக் காரணம். கணினிகள் யாவும் நலமாகவே இருந்தன. அவற்றின் இருப்பிடத்தைக் கூற ஒருவரும் இல்லை. நம் நிலையத்தின் பெயர்ச் சேவையகங்களில் ஒன்றையேனும் நம் கட்டடத்திற்கும் நம் முகவரித் தொகுதிக்கும் வெளியே வேறொரு நம்பகமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

இறுதியாக, சோதனை. பயன்படாமல் கிடக்கும் இணைப்பு பழுதானால் ஒருவருக்கும் தெரிவதில்லை. அது தேவைப்படும் நாளில்தான் தெரியும். எனவே இரு இணைப்புகளிலும் எந்நேரமும் சிறிதளவேனும் போக்கு ஓடிக்கொண்டிருக்குமாறு அமைப்பது நன்று. அரையாண்டிற்கு ஒருமுறை, முன்னறிவிப்புச் செய்து, பணி குறைந்த வேளையில் முதல் இணைப்பின் வடத்தைக் கையால் பிடுங்கிப் பார்க்க வேண்டும். திரையில் கட்டளையிட்டு நிறுத்துவது அதற்கு ஈடாகாது. கட்டளை கேட்ட ரவுட்டர் அண்டையரிடம் விடைபெற்றுக்கொண்டு போகும். வடம் அறுந்தால் விடைபெறுவதற்கு நேரம் இராது. பிடுங்கிய கணத்திலிருந்து, வெளியூரிலிருந்து நம் தளம் மீண்டும் கிட்டும் வரை எத்தனை விநாடி ஆயிற்று என்பதைப் பதிவேட்டில் தேதியோடு குறிக்க வேண்டும். பின்னர் முதலாவதைச் செருகி, இரண்டாவதைப் பிடுங்கி மீண்டும் குறிக்க வேண்டும். மழைக்காலத்திற்கு முன்னதான மே மாதத்தில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒருமுறையும் செய்வது நம் பகுதிக்குப் பொருந்தும். இரு நிறுவனங்களின் பழுது நீக்கும் பிரிவினது தொலைபேசி எண்களை அப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் மையினால் எழுதி வைக்கவும். அவற்றைக் கணினியில் மட்டும் சேமித்து வைத்திருந்தால், இணையம் அறுந்த நாளில் கணினியைத் திறந்து தேட நேரும்.